எக்ஸ் பூஜ்யமாக இருக்கும் இடம்

“என் மேல தப்பு இல்ல டீச்சர்,” என்றார் மாசிலாமணி. “சாய்வு சரியா இருக்கு.”

நஸ்ரின் டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

“பன்னிரண்டுக்கு ஒண்ணு. நூல் பிசகல. எல்லார் முன்னாடியும் டேப் போட்டு அளந்து காட்டிட்டேன். அப்பவும் நான்தான் அந்தப் பொண்ணைப் பிடிச்சுத் தள்ளிவிட்ட மாதிரி பாக்குறாங்க.”

“உட்காருங்கண்ணே,” என்றார் டீச்சர். “நேரமாச்சு.”

மாசிலாமணி உட்கார்ந்தார்.

*

அவர் கட்டட மேஸ்திரி. அந்த ஊரில் நல்ல வீடு என்று நாலு பேர் கைகாட்டும் வீடுகளில் பாதி அவர் கை பட்டவை. எட்டாவதோடு படிப்பை விட்டவர். இப்போது ஒரு கட்டுமானக் கம்பெனி அவரை சூப்பர்வைசராக எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. பத்தாவது சான்றிதழ் மட்டும் வேண்டும் என்றது. அதனால் ஐம்பது வயதில் ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கினார்.

வகுப்பு மாலையில் சமுதாயக் கூடத்தில் நடந்தது. வருகிறவர்கள் எல்லாரும் வேலை முடித்து வருகிறவர்கள். வயதில் சிறியவர் டீச்சர்தான். முப்பது இன்னும் ஆகவில்லை. எல்லாரையும் அண்ணே, அக்கா என்றே கூப்பிடுவார். ஆனால் அவர் சாக்பீஸைக் கையில் எடுத்தால் பேச்சு நின்றுவிடும்.

அவர் அதிகம் விளக்க மாட்டார். கேள்வி கேட்டால் பதிலுக்கு இன்னொரு கேள்வி வரும். சில நாள் ஒன்றும் வராது.

அந்த வகுப்பில் பொற்கொடி என்று ஒருத்தி படித்தாள். வீட்டில் பிளவுஸ் தைப்பவள். சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் கால்கள் போய்விட்டன. சக்கர நாற்காலியில்தான் எங்கும் போவாள்.

மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கும் ஊர் அது. அதனால் கூடத்தின் தரையை உயர்த்திப் படி வைத்துக் கட்டியிருந்தார்கள். மாலைதோறும் இரண்டு ஆண்கள் அவளை நாற்காலியோடு தூக்கி உள்ளே வைப்பார்கள். தூக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள். இறக்கி வைத்ததும் சேலையைச் சரிசெய்துகொண்டு நன்றி சொல்வாள்.

தினமும் நன்றி சொல்வாள்.

பிறகு கூடத்துச் சங்கம் ஒரு சாய்தளம் கட்டத் தீர்மானித்தது. வேலை மாசிலாமணிக்கு வந்தது. கட்டி முடித்தார். ஆய்வுக்கு வந்த அதிகாரி சாய்வை அளந்து பார்த்துத் தலையசைத்தார். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டினார்கள். பொற்கொடியை முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். அவள் ஏறத் தொடங்கும்போது யாரோ நாற்காலியின் முன்பக்கத்தை லேசாகத் தூக்கிவிட்டார்கள். யார் என்று யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

மறுநாள் அவள் தனியாக வந்தாள்.

கேட்டைத் தாண்டியதும் இரண்டு கைகளாலும் சக்கரத்தை வேகமாகத் தள்ளினாள். முன்சக்கரங்கள் எதிலோ இடித்தன. நாற்காலி நின்றுவிட்டது. அவள் நிற்கவில்லை. முன்னால் போய் விழுந்தாள். கையை ஊன்றினாள். வலது மணிக்கட்டு முறிந்தது.

அதன் பிறகு வகுப்புக்கு வரவில்லை.

ரேம்ப் சரியில்லை என்று ஊரில் பேச்சு எழுந்தது. மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை. டேப்பையும் ரசமட்டத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார். வகுப்பில் இருந்த எல்லாரையும் வெளியே கூப்பிட்டார்.

“பாருங்க. கேட்ல இருந்து வாசல் வரைக்கும் பதினெட்டு அடி. அடிக்கு ஒரு அங்குலம் ஏறுது. எங்க வேணா வச்சுப் பாருங்க. பன்னிரண்டுக்கு ஒண்ணு. இதுக்கு மேல என்ன வேணும்?”

எல்லாரும் குனிந்து டேப்பைப் பார்த்தார்கள். அளவு சரியாகத்தான் இருந்தது.

டீச்சர் மட்டும் ஒன்று கேட்டார். “கூடத்துத் தரை தெருவுல இருந்து எவ்வளவு உயரம்ணே?”

“இருபத்தொரு அங்குலம்,” என்றார் மாசிலாமணி, டேப்பைச் சுருட்டிக்கொண்டே.

டீச்சர் சரி என்று தலையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

*

கரும்பலகை இப்போது சுத்தமாக இருந்தது.

அன்றைய பாடம் நேர்கோட்டின் சமன்பாடு, y = mx + c. அதில் எம் சாய்வு, சி வெட்டுத்துண்டு. சமன்பாட்டைப் பார்த்து, கோட்டின் சாய்வு என்ன, வெட்டுத்துண்டு என்ன என்று சொல்ல வேண்டும். டீச்சர் ஒவ்வொருவருக்கும் ஒரு சமன்பாடு கொடுத்தார். கடைசியாக மாசிலாமணிக்கு ஒன்று எழுதினார்.

x − 12y + 36 = 0

மாசிலாமணி பார்த்த உடனே சொன்னார். “சாய்வு ஒண்ணு. வெட்டுத்துண்டு முப்பத்தாறு.”

“இல்ல.”

“எக்ஸுக்கு முன்னாடி நிக்கறது சாய்வுன்னு சொன்னீங்க. எக்ஸ் வெறுமனே நின்னா ஒண்ணுன்னு அர்த்தம். கடைசியில நிக்கறது வெட்டுத்துண்டு.”

“அதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னேன்.”

மாசிலாமணி யோசித்தார். ஞாபகம் வரவில்லை.

“ஒய் தனியா நிக்கணும்னு சொன்னேன். இங்க ஒய்யைச் சுத்திக் கூட்டம். கூட்டத்துக்குள்ள நிக்கறவரைப் பாத்து அவர் எப்படிப்பட்டவர்னு சொல்ல முடியுமாண்ணே?”

மாசிலாமணி நோட்டை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த நாள் சாப்பாட்டு இடைவேளையில், செங்கல் அடுக்கின் மேல் நோட்டை வைத்துப் போட்டுப் பார்த்தார். மாலையில் அதைக் கொண்டுவந்து காட்டினார். ஒய்யை அந்தப் பக்கம் தள்ளி, மற்றதை இந்தப் பக்கம் வைத்திருந்தார்.

12y = x + 36

“இப்போ தனியா நிக்குது டீச்சர்.”

“அங்க எத்தனை ஒய் நிக்குது?”

“பன்னிரண்டு.”

“எனக்கு ஒண்ணு போதும்.”

அவர் திரும்பிப் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு அக்கா மூன்றாவது கணக்குக்குப் போயிருந்தார். மாசிலாமணி அதைப் பார்க்காத மாதிரி பார்த்தார்.

அதற்கடுத்த நாள் முகத்தில் சிரிப்போடு வந்தார்.

“வகுத்துட்டேன் டீச்சர். இதோ.”

y = x/12 + 36

“சாய்வு என்ன?”

“பன்னிரண்டுல ஒண்ணு.” சொல்லிவிட்டு மாசிலாமணி நிமிர்ந்தார். “பன்னிரண்டுக்கு ஒண்ணு! நம்ம ரேம்ப் கணக்கு!”

“சாய்வு சரி,” என்றார் டீச்சர்.

மாசிலாமணி வகுப்பைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டுக்கிட்டீங்களா? டீச்சரே சொல்லிட்டாங்க.”

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் நோட்டைப் பார்த்தார்கள்.

“வெட்டுத்துண்டு தப்பு,” என்றார் டீச்சர்.

“எப்படி?”

“பன்னிரண்டால எதை வகுத்தீங்க?”

“எக்ஸை.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, சாய்வு வந்துருச்சே.”

“சாய்வு வந்ததும் நிறுத்திட்டீங்க.”

டீச்சர் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. எழுந்து பின்னாலேயே போனார். “எல்லாருக்கும் வேற வேற கணக்கு தர்றீங்க. எனக்கு மட்டும் மூணு நாளா ஒரே கணக்கு. எம்மேல என்ன கோவம் டீச்சர்?”

“கோவம் இல்லண்ணே. உங்க கணக்கு முடியல.”

“எனக்கு இது பிடிபடாது. சாய்வுன்னா புரியுது. கண்ணால பாக்கலாம், டேப் வச்சு அளக்கலாம். நான் தினமும் போடுறதுதான். இந்த வெட்டுத்துண்டு எதுக்கு? கோட்டுக்குச் சாய்வு இருந்தாப் பத்தாதா?”

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். பிறகு மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து வகுப்பின் நடுவில் போட்டார்.

“இங்க வாங்கண்ணே. இது பக்கத்துல நில்லுங்க.”

நின்றார்.

“நடக்காதீங்க. இப்போ எவ்வளவு தூரம் நடந்திருக்கீங்க?”

“நடக்கவே இல்லையே.”

“அப்போ எக்ஸ்?”

“பூஜ்யம்.”

“இதுல ஏறி நில்லுங்க.”

மாசிலாமணி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறினார்.

“இப்போ எவ்வளவு தூரம் நடந்திருக்கீங்க?”

“இப்பவும் நடக்கல.”

“தரைக்கும் உங்க காலுக்கும் நடுவுல எவ்வளவு இருக்கு?”

அவர் கீழே பார்த்தார். “ஒன்றரை அடி இருக்கும்.”

“அதுதான்,” என்றார் டீச்சர். முன் பெஞ்சில் ஒரு அண்ணன் நோட்டை நீட்டினார். டீச்சர் அதை வாங்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இறங்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மாசிலாமணி ஸ்டூல் மேலேயே நின்றார். யாரோ கையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஒரு அடிகூட எடுத்து வைக்காமல் இவ்வளவு உயரத்தில் நிற்பது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே இறங்கினார். தன் இடத்துக்குப் போனார். முப்பத்தாறையும் பன்னிரண்டால் வகுத்தார்.

y = x/12 + 3

“டீச்சர். சாய்வு பன்னிரண்டுல ஒண்ணு. வெட்டுத்துண்டு மூணு.”

“சரி,” என்றார் டீச்சர். “வரைஞ்சு காட்டுங்க.”

*

வரைவது மாசிலாமணிக்குப் பிடித்த வேலை. கரும்பலகையில் ஸ்கேல் இல்லாமலே நேராகத் தரைக்கோடு ஒன்று இழுத்தார். இடது ஓரத்தில் ஒரு செங்குத்துக் கோடு. அதில் மூன்று என்று ஒரு புள்ளி. அங்கிருந்து கோட்டை மெல்ல ஏற்றிக்கொண்டு போனார்.

“எது வரைக்கும் போகணும் டீச்சர்?”

“எக்ஸ் இருநூத்துப் பதினாறு வரைக்கும்.”

“அது என்ன கணக்கு, இருநூத்துப் பதினாறு?”

“போட்டுப் பாருங்க.”

பலகை ஓரத்தில் போட்டுப் பார்த்தார். இருநூற்றுப் பதினாறைப் பன்னிரண்டால் வகுத்தால் பதினெட்டு. மூன்றைக் கூட்டினால்...

இருபத்தொன்று என்று எழுதினார்.

சாக்பீஸ் அங்கேயே நின்றது.

பதினெட்டு அடி, அங்குலத்தில் இருநூற்றுப் பதினாறு. கூடத்துத் தரை, இருபத்தொன்று.

அவர் பார்வை கோட்டின் வழியாகவே கீழே இறங்கியது. மெல்ல இறங்கி இடது ஓரத்துக்கு வந்தது. கோடு அங்கே முடிந்துவிட்டது. தரை அதற்குக் கீழே இருந்தது. இரண்டும் தொடவில்லை.

அவர் சாக்பீஸால் அந்த இடைவெளியை நிரப்பினார். சின்னதாக ஒரு நிமிர்ந்த கோடு.

“டீச்சர்.”

“சொல்லுங்கண்ணே.”

“இங்க எக்ஸ் பூஜ்யம். இதுதான் நம்ம கேட் இருக்கற இடமா?”

டீச்சர் ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்தார்.

மாசிலாமணி சாக்பீஸை மேசையில் வைத்தார். வெளியே போனார். ஜன்னல் வழியாக எல்லாருக்கும் தெரிந்தது. அவர் கேட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தான் கட்டிய சாய்தளத்தின் அடி விளிம்பில் விரல்களைக் கிடையாக அடுக்கி வைத்துப் பார்த்தார். நாலு விரல் வைக்க இடம் போதவில்லை. மூன்று விரலுக்கு மேல் இருந்தது.

அவருக்கு இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. காங்கிரீட் போடப் பலகை அடித்து மட்டம் பார்த்த அன்று, வாசலில் இருந்து கீழே இறங்கிக்கொண்டே வந்தார். அடிக்கு ஒரு அங்குலம். கேட் வந்தபோது மூன்று அங்குலம் மிச்சம் இருந்தது. இன்னும் மூன்று அடி நீளம் வேண்டும். நேராகப் போக இடம் இல்லை. சுவரோரமாகத் திருப்பிக் கட்டினால் வேலை இழுக்கும். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. சாய்வைக் கூட்டினால் அதிகாரி ஒப்புக்கொள்ள மாட்டார்.

மூணு அங்குலம்தானே, கால் வச்சு ஏறிடுவாங்க என்று நினைத்தார். அப்படியே பூசிவிட்டார்.

கால் வைத்து ஏறுகிறவர்களுக்குச் சாய்தளம் எதற்கு என்று அன்று அவருக்குத் தோன்றவில்லை.

அன்று அவர் வகுப்புக்குள் திரும்பி வரவில்லை.

*

பொற்கொடியின் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. தையல் மெஷினைத் துணியால் மூடியிருந்தார்கள். அவள் ஜன்னல் ஓரத்தில், மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். எதிரே கணக்குப் புத்தகம் விரிந்து கிடந்தது.

“வாங்கண்ணே,” என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

“கை எப்படிம்மா இருக்கு?”

“கட்டுப் பிரிக்க இன்னும் நாள் இருக்கு.”

“பரீட்சை?”

“நான் சொல்லச் சொல்ல எழுத ஆள் தருவாங்களாம். மனு போட்டிருக்கேன். ஆனா சொல்றதுக்கு முதல்ல எனக்குத் தெரியணுமே. வகுப்புக்கே போகாம என்னத்தைச் சொல்ல?” புத்தகத்தை இடது கையால் தள்ளி வைத்தாள். “இந்த வருஷம் விட்டா வயசு தாண்டிரும். நான் எழுதிப்போட நினைச்ச வேலைக்கு அப்புறம் எழுதிப்போட முடியாது.”

மாசிலாமணி நின்றுகொண்டிருந்தார்.

“சாய்வு சரியா இருக்காமே?” என்றாள் பொற்கொடி. “டேப் வச்சுக் காட்டினீங்கன்னு சொன்னாங்க.”

“சரியாத்தான்மா இருக்கு.”

“நான் சாய்வுல விழலண்ணே. சாய்வுக்குப் போய்ச் சேரவே இல்ல.”

“தெரியும்,” என்றார் அவர். “இப்பத்தான் தெரிஞ்சுது. அடியில மூணு அங்குலம் நிக்குது. நான் வச்சதுதான். தெரிஞ்சே வச்சேன். அப்புறம் மறந்துட்டேன்.”

அவள் அவர் முகத்தை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்க காலுக்கு அது படி. என் சக்கரத்துக்கு அது சுவர்.”

மன்னிச்சுக்கோ என்று சொல்லத்தான் அவர் வந்தார். வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். வாயில் வேறு வந்தது.

“உடைக்கப் போறேன்.”

“எதை?”

“ரேம்பை.”

“உடைச்சா என்னை மறுபடி தூக்குவாங்க.”

“இல்லம்மா. திருப்பிக் கட்டுறேன். சுவரோரமாத் திருப்பி...”

“கட்டின பிறகு சொல்லுங்கண்ணே.”

அவர் தலையாட்டினார். கிளம்பவில்லை. சட்டைப் பையில் இருந்து சாக்பீஸ் ஒன்றை எடுத்தார்.

“ஒண்ணு கேக்கலாமா? நாற்காலியை ஒரே இடத்துல திருப்ப உனக்கு எவ்வளவு இடம் வேணும்?”

பொற்கொடி தன் சக்கரங்களைப் பார்த்தாள். இதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. பிறகு இடது கையால் சக்கரத்தை முன்னும் பின்னுமாகத் தள்ளி நாற்காலியைத் திருப்பிக் காட்டினாள். அவர் தரையில் உட்கார்ந்து, சக்கரம் போன வழியெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டார்.

“இன்னொரு தடவை திருப்பும்மா. மெதுவா.”

திருப்பினாள்.

*

சங்கத் தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“அதிகாரி பாத்துச் சரின்னுட்டார். விழா நடத்திட்டோம். போட்டோ பேப்பர்ல வந்தாச்சு. இப்போ எதுக்கய்யா உடைக்கணும்?”

“அவர் சாய்வை மட்டும்தான் பாத்தார்.”

“வேற என்னத்தைப் பாக்கணும்?”

“சி.”

“என்னய்யா சீங்கறே?”

மாசிலாமணி விளக்க முயன்றார். முடியவில்லை. கடைசியில், “தப்பு என்னோடது. நானே சரிபண்ணிக்கிறேன். சங்கத்துல எதுவும் கேக்கல,” என்றார்.

“கம்பெனிக்காரங்க காதுல விழுந்தா உன்னை என்ன நினைப்பாங்க? கட்டினதை உடைக்கிறவன்னு சூப்பர்வைசர் வேலை தருவாங்களா?”

அது அவருக்கும் தோன்றியிருந்தது. கொஞ்சம் நின்றார். பிறகு சம்மட்டியை எடுத்தார்.

வகுப்புக்கு வந்தவர்கள் உடைசல்களைத் தாண்டி உள்ளே போனார்கள். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஒருவேளை அதனால்தான் கேட்கவில்லை.

புதிய சாய்தளம் வாசலில் இருந்து இறங்கி, பாதியில் ஒரு சமதளத்துக்கு வந்து, அங்கே திரும்பிச் சுவரோரமாகத் தெருவை நோக்கிப் போனது. சமதளம், அன்று பொற்கொடியின் வீட்டில் அவர் போட்ட கோடுகளின் அளவு.

அடி ஓரம்தான் அவரைப் படுத்தியது. தரையோடு தரையாகக் காங்கிரீட்டை இழைத்துவிட்டால் விளிம்பு மெலிந்து போகும். மெலிந்த விளிம்பு நாலு சக்கரம் ஏறினால் பெயர்ந்துவிடும். பெயர்ந்தால் மறுபடியும் ஒரு தடுக்கல். ஒரு முறை போட்டார், பிடிக்கவில்லை, உடைத்தார். பிறகு கேட்டுக்குப் பக்கத்தில் தரையைத் தோண்டினார். தரைக்குக் கீழே இருந்து காங்கிரீட்டை எழுப்பிக் கொண்டுவந்தார்.

டீச்சர் ஒரு மாலை வந்து நின்று பார்த்தார்.

“எதுக்குண்ணே பள்ளம்?”

“பூஜ்யத்துல ஆரம்பிக்கணும்னா கீழே இறங்கித்தான் ஆகணும் டீச்சர்.”

டீச்சர் அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். அன்று அவருக்கென்று பலகையில் புதுக் கணக்கு ஒன்று எழுதியிருந்தது. மாசிலாமணி கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதலில் ஒய்யைத் தனியாக நிறுத்தினார்.

*

பொற்கொடிக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். கையில் பலம் முழுதாக வரவில்லை. கட்டியாகிவிட்டது என்று மாசிலாமணி போய்ச் சொன்னபோது, சரிண்ணே என்று மட்டும் சொன்னாள். வருகிறேன் என்று சொல்லவில்லை.

சில நாள் கழித்து, வெயில் தாழ்ந்த நேரத்தில், தெருமுனையில் அவளுடைய நாற்காலி தெரிந்தது.

மாசிலாமணி கேட்டருகே நின்றிருந்தார். ஓடிப்போய்த் தள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்தார். போகவில்லை.

அவள் அருகே வந்து நாற்காலியை நிறுத்தினாள். வலது மணிக்கட்டை இடது கையால் தடவிக்கொண்டாள்.

“பிடிக்க வேண்டாம்ணே.”

“பிடிக்கல.”

“பின்னாடியும் நிக்க வேண்டாம்.”

அவர் நகர்ந்து பக்கத்தில் வந்து நின்றார்.

“தரையைப் பாத்தா எனக்கு உதறுது,” என்றாள். “நான் நேராப் பாத்துக்கிட்டே வர்றேன். இடிக்கிற இடம் வந்ததும் சொல்லுங்க. கையை இறுக்கிக்கணும்.”

“சரிம்மா.”

வாசலைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சக்கரத்தை உருட்டினாள். அவர் பக்கத்தில் நடந்தார். உள்ளே யாரோ கணக்கை உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. அவள் உருட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கை கொஞ்சம் வேலை செய்ய வேண்டியிருந்தது.

“வந்துருச்சாண்ணே?”

மாசிலாமணி அவளுடைய சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

“அண்ணே, உங்களைத்தான் கேக்குறேன். எங்க இருந்து ஏறணும்?”

“ஏறிக்கிட்டுத்தாம்மா இருக்கே.”